முதலில் தண்ணீர், பிறகுதான் எண்ணெய்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் கனடாவில் மான் வேட்டைக்குப் போகும் நம் பிள்ளைகளைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். குழலின் வாய்ப்பக்கத்தால் வெடிமருந்து போட்டு, கம்பியால் இடித்து, பிறகு சுடும் பழைய பாணி ரைபிளைப் பற்றியும் அதில் ஒரு வார்த்தை வந்தது. அவ்வளவுதான், அரசியல் எழுதினால்கூட இத்தனை கடிதம் வராது. கொழும்பில் இருந்துகொண்டு துவக்குத் துடைப்பதில் யாருக்கு என்ன அக்கறை என்று கேட்பீர்கள். வீட்டுக்கு ஒரு தம்பியோ பெறாமகனோ ஒன்ராறியோவில் இருக்கிறாரே, அதுதான் காரணம். சமையல் எரிவாயு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: என் தம்பி ஒன்ராறியோவில் இருக்கிறான். மான் வேட்டைக்கென்று கேப் (அடித்தால் பொறி தரும் சின்ன உலோகத் தொப்பி) வைத்துச் சுடும் ரைபிள் ஒன்று வாங்கினான். சுட்டு முடித்த அன்றே நல்ல துவக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துத்தான் வைத்தானாம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் குழலுக்குள் செம்மண் நிறத்தில் துரு. எண்ணெய் போட்டும் ஏன் இப்படி?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: எண்ணெய் போட்டதுதான் பிழை என்றால் தம்பி கோபிப்பார், ஆனால் விஷயம் அதுதான். எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் போயிருக்க வேண்டும்.

இந்த ரைபிளில் போடுகிற கருமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இப்போதைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து எரிந்தால் கிட்டத்தட்ட எல்லாமே வாயுவாகிப் போய்விடும். கருமருந்து எரிந்தால் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகத்தான் மிஞ்சும். கொஞ்சம் வெள்ளைப் புகையாக வெளியே போகும், மீதி குழலின் உட்சுவரில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். அந்தக் கறுப்பில் இருப்பவை பொட்டாசியம் காபனேற்று, பொட்டாசியம் சல்பேற்று, சல்பைட்டு என்று பெரும்பாலும் உப்புகள். காபனேற்று காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக் குடிக்கிற சாதி. உப்பும் ஈரமும் இரும்பும் ஒரு இடத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைக் காலி வீதியில் கடற்கரைப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு, அவர்களுடைய ஜன்னல் கம்பியைக் காட்டினாலே போதும், விளக்கவே தேவையில்லை.

இந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். தம்பி செய்தது என்னவென்றால் உப்பை உள்ளேயே விட்டு அதற்கு மேல் எண்ணெய் பூசி மூடியது, அதனால் துரு எண்ணெய்க்கு அடியில் நிம்மதியாக வளர்ந்திருக்கிறது. போதாததற்கு, பெற்றோலிய எண்ணெய் அந்தக் கறுப்போடு சேர்ந்தால் தாராகப் பிசுபிசுத்துவிடும், பிறகு அதைக் கிளப்புவது தனி வேலை.

சரி, எப்படிக் கழுவுவது? முதலில் துவக்கு வெறுமையா என்று பார்க்கட்டும், கேப்பை எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. கழற்றக்கூடிய குழலாக இருந்தால் (பழைய ஹோக்கன் பாணி ரைபிள்களில் மரத்துக்குக் குறுக்கே இருக்கும் ஒரு ஆப்பைத் தட்டி எடுத்தால் குழல் தனியாக வந்துவிடும்) நிப்பிளையும் (கேப் உட்காரும் துவாரமுள்ள குமிழ்) கழற்றிவிட்டு, குழலின் அடிப்பக்கத்தை ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்த வேண்டும். கம்பியின் நுனியில் பித்தளை ஜாக்கை (துணியைப் பிடித்துக்கொள்ளும் முனை) பூட்டி, அதில் ஒரு பருத்தித் துணித்துண்டை இறுக்கமாகச் சுற்றி, மேலிருந்து உள்ளே தள்ளி, மேலே இழுக்கவேண்டும். துணி இறுக்கமாக இருந்தால் மேலே இழுக்கும்போது நிப்பிள் துவாரத்தால் தண்ணீர் உள்ளே ஏறும், கீழே தள்ளும்போது அதே துவாரத்தால் கறுப்பாகப் பீச்சியடிக்கும். முதல் வாளித் தண்ணீர் மை நிறத்துக்கு வந்து அழுகிய முட்டை மணம் மணக்கும். அது சல்பைட்டின் வேலை, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அந்த வாளியைக் குசினிக்குள் வைத்துக்கொண்டு செய்தால் வீட்டில் சோறு கிடைக்காது. தண்ணீரை மாற்றி மாற்றித் துணி வெள்ளையாகத் திரும்பும்வரை செய்யட்டும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் மசகும் சேர்ந்து போகும், விடாவிட்டாலும் உப்பு போகும்.

பிறகு உலர்த்த வேண்டும், அதற்குத்தான் ஆட்களுக்குப் பொறுமை கிடையாது. ஒரு துணி, இரண்டு துணி என்று நிறுத்தாமல், ஈரமே படாத துணி வெளியே வரும்வரை. உள்ளே மிஞ்சிய ஈரத்தைக் கிளப்ப டபிள்யூ டி 40 போன்ற ஒன்றை விசிறித் துடைப்பது நல்லதுதான், ஆனால் அது பாதுகாப்பு எண்ணெய் என்று நினைத்து அதோடு விட்டுவிடக்கூடாது. அதைத் துடைத்தெடுத்துவிட்டு நல்ல துரு தடுக்கும் எண்ணெயை மெல்லிய படலமாகப் பூச வேண்டும். இப்போதுதான் எண்ணெயின் முறை.

அடுத்த நாள் ஒரு சுத்தமான துணியை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சளோ மண்ணிறமோ தெரிந்தால் உப்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், திரும்பவும் வாளி. ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை பார்த்தால் போதும். இப்போது பிடித்திருக்கும் துருவை வெண்கல பிரஷ்ஷால் எண்ணெய் விட்டுத் தேய்த்துப் பார்க்கட்டும். மேலோட்டமானது என்றால் போய்விடும், குழி விழுந்திருந்தால் அந்தக் குழி இனிப் போகாது, அதற்குள் ஒவ்வொரு தடவையும் கறுப்பு ஒளிந்துகொள்ளும்.

கேள்வி: கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார், குளிர்ந்த தண்ணீர்தான் சரி என்று இன்னொருவர். யார் சொல்வது சரி?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இரண்டு பேரும் குழலைச் சுத்தமாக்குவார்கள். கொதிநீர்க்காரருடைய வாதம், இரும்பு சூடாகித் தண்ணீர் தானாக ஆவியாகி உலர்ந்துவிடும் என்பது, அதில் நியாயம் உண்டு. ஆனால் சூடான ஈர இரும்பில் காற்றுப் பட்டவுடன் கண்ணுக்கு முன்னாலேயே மெல்லிய செந்துரு படரும், துணியை விட்டால் தேநீர்ச் சாயம் மாதிரி வரும். கரைப்பதற்குக் கொதிநீர் தேவையே இல்லை: பொட்டாசியம் காபனேற்று 20 பாகைச் செல்சியஸில் 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 110 கிராமுக்குக் கிட்டக் கரையும். ஒரு நாள் வேட்டையில் குழலுக்குள் மிஞ்சுவது அதில் ஒரு துளி. நான் வெதுவெதுப்பான தண்ணீர்க் கட்சி. கை பொறுக்கிற சூடு போதும்.

கேள்வி: தோசைக்கல்லை எண்ணெய் பூசிப் பழக்குவது போல இந்தக் குழலையும் மசகு பூசிப் பூசிப் பழக்கலாம், பிறகு துருவே பிடிக்காது என்று மச்சான் சொல்கிறார். அதோடு இங்கே கிடைக்கும் தேங்காய் எண்ணெயை அவருக்கு அனுப்பினால் பயன்படுமா?
– வாசகி, தெஹிவளை

பதில்: தோசைக்கல் வார்ப்பிரும்பு. அதன் மேற்பரப்பு சொரசொரப்பு, அதில் எண்ணெய் சூட்டில் இறுகி ஒரு தோலாகப் பிடித்துக்கொள்ளும். ரைபிள் குழல் உருக்கு, அதன் உட்புறம் வழவழப்பாகக் கடைந்தது, அந்தச் சூடும் அங்கே நின்று வேலை செய்வதில்லை. பழக்குகிறோம் என்று கழுவாமல் மசகை மேல் மேலாகப் பூசுகிறவர்கள் கடைசியில் கறுப்பும் மசகும் கலந்த ஒரு படையை வளர்த்துவிட்டு, குண்டு இறங்கவில்லை, குறி தவறுகிறது என்று துவக்குக் கம்பனியைத் திட்டுவார்கள். மச்சானிடம் சொல்லுங்கள், பழக்குவதை அடுப்படியோடு நிறுத்தட்டும்.

தேங்காய் எண்ணெய் விஷயம் அவ்வளவு சின்னதல்ல. கருமருந்தோடு பெற்றோலிய எண்ணெயை விடத் தாவர எண்ணெயும் மிருகக் கொழுப்பும் தேன்மெழுகும்தான் ஒத்துப்போகும், கறுப்பை இளக்கமாக வைத்திருக்கும். அதனால்தான் உருண்டைக் குண்டைச் சுற்றிப் போடும் துணிக்கு அந்தக் காலத்திலிருந்தே கொழுப்பும் மெழுகும் தடவினார்கள். 1853 மாதிரி என்பீல்ட் ரைபிளின் காகிதத் தோட்டாவில் தடவியது மாட்டுக் கொழுப்பா பன்றிக் கொழுப்பா என்ற சந்தேகம் 1857இல் இந்தியாவில் என்ன பாடு படுத்தியது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். பிறகு சிப்பாய்கள் மெழுகும் நெய்யும் தாங்களே தடவிக்கொள்ளலாம் என்று வந்தது, அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

ஆனால் தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உறைந்துவிடும். கொழும்பில் அது எண்ணெய், கார்த்திகை மார்கழி ஒன்ராறியோவில் அது கட்டி. துணி விறைத்து நிற்கும், குண்டு இடித்து இறக்கப் பாடுபட வேண்டும். மாதக்கணக்கில் சேமித்து வைக்கும்போது குழலுக்குப் பூசவும் அது கூடாது, நாள்பட்டால் காறிவிடும். அனுப்புவதென்றால் தலைக்குத் தேய்க்க அனுப்புங்கள்.

கேள்வி: என் பெறாமகன் மூன்று வகை மருந்து வைத்திருக்கிறான். பைரோடெக்ஸ், ட்ரிபிள் செவன், பிளாக்ஹோர்ன் 209. கடைசி வகைக்குக் கழுவவே தேவையில்லை என்று கடைக்காரர் சொன்னாராம், உண்மையா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: கடைக்காரர் விற்கிறவர், கழுவுகிறவர் அல்லவே.

பைரோடெக்ஸ் 1970களில் கருமருந்துக்குப் பதிலாக வந்தது. அதில் வெடியுப்போடு பொட்டாசியம் பெர்குளோரேற்றும் இருக்கிறது, அது எரிந்து மிஞ்சுவது குளோரைட்டு, அதாவது நம் கறி உப்புக்கு உறவு. இரும்பை அரிப்பதில் கருமருந்துக்கு இவர் அண்ணன் என்றே சொல்லலாம், ஆகவே அதே தண்ணீர், அதே நாளில். ட்ரிபிள் செவனில் கந்தகம் இல்லை, முட்டை மணம் வராது, தண்ணீரிலேயே இலேசாகப் போய்விடும். ஆனால் 209 பிரைமரோடு (கேப்புக்குப் பதிலாக வைக்கும், அதைவிடச் சூடான தீமூட்டி) சுடும்போது, குண்டு உட்காரும் இடத்துக்கு அருகில் வளையமாகக் கட்டிதட்டும். ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் இடையில் ஈரத்துணி ஒன்றை விட்டு எடுக்காவிட்டால் அடுத்த குண்டு அந்த வளையத்தில் தடக்கி நிற்கும். அதை நன்றாகக் கவனிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வெற்றிடம் விட்டுச் சுடுவது குழலையே வீங்க வைக்கும் அல்லது பிளக்கும்.

பிளாக்ஹோர்ன் 209 வேறு குடும்பம், நைற்ரோசெலுலோசில் செய்தது. ஈரத்தை அப்படி இழுக்காது, அரிப்பும் மிகக் குறைவு. கடைக்காரர் அதைத்தான் இழுத்து நீட்டியிருக்கிறார். தண்ணீரும் தண்ணீர் சேர்ந்த துப்புரவுத் திரவமும் அதைக் கரைக்கவே கரைக்காது, சாதாரண ரைபிளுக்குப் பயன்படுத்தும் கரைப்பான்தான் வேண்டும். தவிர, அது நல்ல சூடான பிரைமர் கேட்கும் மருந்து என்பதால் குழலின் பின்வாயை மூடும் பிளக்கில் நெருப்புப் போகும் வழியில் கரி கெட்டியாகப் படியும். ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ட்ரில் பிட்டைக் கையாலேயே திருப்பி அந்த வழியிலிருந்து கரியைச் சுரண்டி எடுக்கிறார்கள், இயந்திரத்தில் பூட்டக்கூடாது, முன்னால் இருக்கும் ஊசித் துவாரத்தையும் தொடக்கூடாது. துவாரம் பெருத்தால் பிளக் போச்சு. பிளாஸ்டிக் உறை போட்ட குண்டு சுட்டிருந்தால் அந்தப் பிளாஸ்டிக் கீற்றுகளும் தண்ணீரில் போகாது, அதற்கும் கரைப்பான்தான்.

மருந்து எதுவாக இருந்தாலும் ஒன்று: சாதாரணத் தோட்டாவிலிருந்து கொட்டிய புகையில்லா மருந்தை இதில் போட்டுப் பார்க்கலாமா என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடு வேட்டைக்கே போக வேண்டாம்.

கேள்வி: அம்மப்பாவின் பழைய துவக்கு ஒன்று ஊர் வீட்டிலிருந்து எங்கள் பிளட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. குழல்வாயால் மருந்திடும் வகை. சுத்தம் செய்து ஹோல் சுவரில் மாட்ட ஆசை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, எமரித் தாளால் தேய்க்கலாமா?
– வாசகர், கொழும்பு 13

பதில்: தேய்ப்பதற்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது.

ஒன்று சட்டம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். அம்மப்பாவுக்கு உரிமம் இருந்தது என்பது உங்களுக்கு உரிமம் ஆகாது, பழசாகிவிட்டது என்பதை வைத்து நீங்களே விலக்குக் கொடுத்துக்கொள்ளவும் முடியாது. ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு அவர் மூலமாகவே பொலிஸுக்கு அறிவியுங்கள். தயவு செய்து அதைச் சாக்கில் சுற்றி முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போகவேண்டாம், அந்தப் பயணம் எப்படி முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, உள்ளே மருந்து இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. கருமருந்து உலர்ந்திருந்தால் கெட்டுப்போவதே இல்லை, தாத்தா காலத்தில் இடித்து வைத்தது பேரன் காலத்தில் வெடிக்கும். பழைய துவக்குகளை ஆராய்கிறவர்கள் ஒரு மெல்லிய மரக்கம்பியை வாயால் மெதுவாக இறக்கி, வாய்மட்டத்தில் அடையாளம் போட்டு, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டி வைத்துப் பார்ப்பார்கள். கம்பி நிப்பிள் இருக்கும் இடம்வரை போயிருந்தால் வெறுமை, இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது குளவிக் கூடாகவும் இருக்கலாம், குண்டாகவும் இருக்கலாம். இதையும் உங்களை ஹோலில் வைத்துச் செய்யச் சொல்லவில்லை. ஆயுதம் தெரிந்த அதிகாரி வந்து பார்க்கும்வரை குழல்வாய்க்கு நேரே யாரும் நிற்காமல் ஒரு பக்கம் வையுங்கள், சூடு காட்டவோ துளைபோடவோ வேண்டாம்.

இவ்வளவும் முடிந்து, வெறுமை என்று உறுதியாகி, வைத்திருக்கவும் அனுமதி கிடைத்தால், எமரித் தாளைக் குப்பையில் போடுங்கள். குழலின் மேலுள்ள கபில நிறம் பல பழைய துவக்குகளில் செய்தவர்களே வேண்டுமென்று ஏற்றிய நிறம், தேய்த்துப் பளபளப்பாக்கினால் அழகும் போகும் பெறுமதியும் போகும். உதிரும் துருவுக்கு மட்டும் எண்ணெயும் மிக மென்மையான உருக்கு நூலும். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயை விரலில் தொட்டு, துளித் துளியாக, சூடு வரும்வரை உள்ளங்கையால் தேய்க்க வேண்டும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே தீப்பிடிக்கும். பித்தளைப் பூணுக்குப் புளி போட ஆசைப்படுவீர்கள். புளி பித்தளைக்கு நல்லதுதான், பக்கத்தில் இருக்கும் இரும்புக்கும் மரத்துக்கும் எதிரி, ஆகவே வேண்டாம்.

கேள்வி: முல்லைத்தீவில் சித்தப்பாவுக்கு வயல். பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை. அவரிடம் ஊரில் செய்த இடியன் துவக்கு ஒன்று இருக்கிறது, அதை எப்படிப் பராமரிப்பது என்று எழுதினால் உதவியாக இருக்கும்.
– வாசகர், மட்டக்குளி

பதில்: எழுத மாட்டேன். பன்றித் தொல்லை பொய் என்று சொல்லவில்லை, ஒரு இரவில் வயலே போய்விடும் என்று தெரியும். ஆனால் உரிமம் இல்லாத இடியனைத் துடைத்து எண்ணெய் போட்டால் அது உரிமம் உள்ள துவக்காகிவிடாது. தண்ணீர்க் குழாயில் செய்த குழல் எந்த வெடிக்குப் பிளக்கும் என்று அதைச் செய்தவருக்கே தெரியாது, பிளந்தால் போவது சித்தப்பாவின் இடக்கையும் கண்ணும். அதையே கம்பி கட்டிக் கட்டுத்துவக்காக வைத்தால் இன்னும் மோசம், அது பன்றிக்கென்று காத்திருக்காது, விறகு பொறுக்கப் போனவருடைய காலையும் யானையின் காலையும் துளைக்கும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமத்தோடு துவக்கு பெறும் வழி இருக்கிறது, மாவட்டச் செயலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். இடியனைப் பற்றி அவரும் ஒரு சட்டத்தரணியோடு முதலில் பேசட்டும்.

கேள்வி: அண்ணா விடியற்காலையில் மருந்து போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகிறார், மான் வராவிட்டால் அப்படியே வீட்டுக்குக் கொண்டு வருகிறார். இரண்டு தடவை மறுநாள் சுடும்போது கேப் மட்டும் வெடித்து மருந்து பிடிக்கவில்லை. என்ன காரணம்?
– வாசகி, வத்தளை

பதில்: வெளியே உறைகுளிர், வீட்டுக்குள் சூடு. குளிர்ந்த இரும்பு சூடான அறைக்குள் வந்தவுடன் வியர்க்கும், உள்ளேயும் வெளியேயும். மருந்து நனைந்துவிட்டது. அதைவிட முக்கியம், மருந்து போட்ட துவக்கை வீட்டுக்குள் கொண்டுவருவது. கனடாவில் சேமித்து வைக்கும் துவக்கு வெறுமையாகவும் பூட்டியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். வேட்டை முடிந்ததும் காட்டிலேயே, சுட அனுமதி உள்ள நேரத்துக்குள், பின்னால் நல்ல மண்மேடு உள்ள இடமாகப் பார்த்துச் சுட்டு வெறுமையாக்கிவிட்டு வரச் சொல்லுங்கள். பின்பக்கம் திறக்கும் இன்லைன் வகை என்றால் பிரைமரை எடுத்து, பிளக்கைக் கழற்றி, மருந்தையும் குண்டையும் வெளியே தள்ளிவிடலாம், சுடவே தேவையில்லை. சுட்டால் கழுவ வேண்டும், ஒரு வெடிக்கும் அதே வாளிதான்.

இன்னொரு காரணமும் இருக்கலாம், எண்ணெய். குழலை நிமிர்த்தி நிறுத்தி வைத்தால் பூசிய எண்ணெய் வழிந்து அடியில் நிப்பிள் பக்கம் தேங்கும், அதற்கு மேல் மருந்தைக் கொட்டினால் அது ஊறிப்போகும். சேமிக்கும்போது வாயைக் கீழே பார்க்க வைக்க வேண்டும். வேட்டைக்குப் போகிற காலையில் உலர்ந்த துணியால் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட்டு, வெறும் துவக்கில் ஒரு கேப்பை வைத்து, வாயை நிலத்தில் ஒரு காய்ந்த இலைக்கு அருகில் பிடித்துச் சுட்டுப் பார்ப்பது பழைய வேட்டைக்காரர் பழக்கம். இலை பறந்தால் வழி திறந்திருக்கிறது. இலை அசையவில்லை என்றால் நிப்பிளைக் கழற்றி ஊசிக்கம்பியால் குத்தித் துப்புரவு செய்யட்டும்.

மருந்து பிடிக்காத துவக்கை உடனே திருப்பிப் பார்ப்பது மிக ஆபத்து. உள்ளே பொறி தேங்கி நின்று சிறிது கழித்து வெடிக்கும். குறைந்தது ஒரு நிமிடமாவது குறி நோக்கியபடியே பிடித்திருக்க வேண்டும், பிறகுதான் புதுக் கேப்.

இதோடு இன்னொன்றும் செய்யச் சொல்லுங்கள்: இடிக்கும் கம்பியில் இரண்டு கோடு. குழல் வெறுமையாக இருக்கும்போது வாய்மட்டத்தில் ஒன்று, வழக்கமான மருந்தும் குண்டும் ஒழுங்காக இறங்கியிருக்கும்போது ஒன்று. இருட்டில் தடவிப் பார்த்தாலே உள்ளே என்ன நிலை என்று தெரியும், குண்டு முழுக்க இறங்கியதா என்றும் தெரியும். காசு செலவில்லை, ஒரு சின்ன அரம் போதும்.

கேள்வி: நிப்பிள் இறுகிப்போய்க் கழறவே இல்லை. குறடு போட்டுத் திருப்பலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம், விளிம்பு சிதையும். வெறுமையான குழலின் அந்தப் பகுதியில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு வைத்து, அளவான நிப்பிள் சாவியால் திருப்ப வேண்டும். இனிமேல் பூட்டும்போதெல்லாம் புரியில் இறுகல் தடுக்கும் கிறீஸ் கொஞ்சம் தடவினால் இந்தக் கேள்வியே வராது. இன்லைன் பிளக்குக்கும் இதே.

கேள்வி: இந்த வகைத் துவக்குகளைக் கொழும்பில் எங்கே பார்க்கலாம்? மகனுக்குக் காட்ட வேண்டும்.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கொழும்பு தேசிய அருங்காட்சியகம், 1877இல் திறந்தது. கண்டி இராச்சியத்துக் கைவினைஞர் செய்த துவக்குகளில் வெடிக்கும் பொறி இடப்பக்கம் இருக்கும், ஐரோப்பியத் துவக்கில் அது வலப்பக்கம். மகனை அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து எடுத்துப்போன, வெள்ளியும் பொன்னும் மாணிக்கமும் பதித்த லெவ்கே திசாவையின் பீரங்கியும் 2023 டிசம்பரில் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்தது. மருந்து எங்கிருந்து வந்தது என்று மகன் கேட்டால், இங்கேயேதான். 1816 முதல் 1820 வரை இங்கிருந்த இராணுவ வைத்தியர் ஜோன் டேவி, வௌவால் எச்சம் படிந்த குகைகளின் மண்ணிலிருந்து வெடியுப்புக் காய்ச்சி எடுப்பதை எழுதி வைத்திருக்கிறார்.

கேள்வி: தம்பி விடுமுறைக்கு வரும்போது துடைக்கிற சாமான்களையும் பாதி மீந்த கேப் டப்பாவையும் கொண்டுவரலாமா, அம்மப்பாவின் துவக்குக்கு உதவுமே என்று கேட்கிறான்.
– வாசகர், கொழும்பு 13

பதில்: கேப்பும் மருந்தும் வெடிபொருள். விமானத்தில் கைப்பையிலும் கூடாது, பெரிய பெட்டியிலும் கூடாது, கட்டுநாயக்கவில் விளக்கம் சொல்லும் நிலைமை வருவதற்கு முன்னால் ரொறொன்ரோவிலேயே பிடித்துவிடுவார்கள். அம்மப்பாவின் துவக்கு சுவரில் மாட்டத்தானே, அதற்குக் கேப் எதற்கு? பிரஷ், ஜாக் போன்றவை வேண்டுமென்றால் புதிதாக, பிரிக்காமல் வாங்கி வரட்டும். பாவித்ததில் மருந்துத் துகள் ஒட்டியிருக்கும், விமான நிலையத்தில் துணியால் தொட்டுப் பார்க்கும் அந்த இயந்திரத்துக்கு அதுவே போதும். துணித்துண்டுக்கு இங்கேயே பழைய பருத்தி பெனியன் இருக்கிறது.